தேசிய வீரர்களுக்குச் சம்பளமில்லாத பிசியோவாகப் போகலாமா?

கேள்வி கேட்டவர் ஈரோட்டில் ஒரு எலும்பு மூட்டு கிளினிக்கில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்தவர், எம்பிடி (முதுநிலை) இன்னும் படிக்கவில்லை. இந்திய அளவிலும் அதற்கு மேலும் ஆடும் வீரர்களுக்குத் தன்னார்வலராக வேலை செய்ய ஆசைப்படுகிறார். யாரிடம் கேட்பது, என்ன தகுதி வேண்டும், காசு வாங்காமல் போவது ஏமாளித்தனமா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "முதுகு வலியும் முட்டித் தேய்மானமும் பார்த்துப் பழகிய கைக்கு அந்த வேலை வருமா?" அவர் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. விண்ணப்பம் போடும் வழியை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மற்ற மூன்றையும் தொட்டுக்கொண்டு இதற்குத்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தடகளம், கபடி, கொஞ்சம் பாரா தடகளம், இவ்வளவுதான் என் அனுபவம். மாவட்ட மீட்டிலிருந்து தேசியப் போட்டிகள், பயிற்சி முகாம்கள் வரை சம்பளத்துக்கும் போயிருக்கிறேன், சும்மாவும் போயிருக்கிறேன். ஒலிம்பிக் கிராமத்துக்குள் வேலை பார்த்ததில்லை. கிரிக்கெட் பக்கம் போனதே இல்லை. அங்கே பணமும் ஆட்களும் வேறு கணக்கு. ஆகவே கிரிக்கெட் அணிக்குள் நுழைய வழி தேடுகிறவர்களுக்கு இந்தப் பதில் உதவாது.

பெரிய வீரர்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒன்றிய அரசின் டாப்ஸ் திட்டம் 2014-ல் வந்த பிறகு, பதக்க வாய்ப்புள்ளவர்களால் தனி பிசியோவை வெளிநாட்டுப் பயிற்சிக்கே அழைத்துப் போக முடிகிறது. பாட்டியாலா, பெங்களூரு போன்ற இடங்களில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களில் தேசிய முகாமில் இருப்பவர்களுக்கு அங்கேயே சம்பளத்துக்கு பிசியோக்கள் உண்டு. நீரஜ் சோப்ராவின் தோளைப் பார்த்துக்கொள்ளும் வேலை காலியாக இல்லை, இலவசமாகச் செய்கிறேன் என்றாலும் கிடைக்காது. தன்னார்வலருக்கு இடம் இருப்பது போட்டியை நடத்துகிறவர்கள் அமைக்கும் மருத்துவக் குழுவில். ஒலிம்பிக்கிலும் இதே கதைதான். கிராமத்துக்குள் பாலிகிளினிக் என்று ஒரு பொது மருத்துவமனை இருக்கும். பெரிய நாடுகள் தங்கள் டாக்டர், பிசியோ, மசாஜ் ஆட்கள் எல்லோரையும் கையோடு கூட்டி வந்துவிடும். இரண்டு மூன்று வீரர்களை மட்டும் அனுப்பும் சின்ன நாடுகளுக்கு அந்த பாலிகிளினிக்கை விட்டால் வேறு கதியில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு ஒலிம்பிக், பாராலிம்பிக் கமிட்டி, உரிமம் பெற்ற பிசியோக்களைக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் பயிற்சி மையத்துக்கு இரண்டு வாரம் தன்னார்வலராக அழைக்கிறது. அங்கே ஆள் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் போட்டிகளுக்குக் கூப்பிடுகிறது. நம்மிடம் அப்படி ஒரே ஒரு வாசல் இல்லை. மாவட்ட, மாநிலச் சங்கங்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகம், உள்ளூரில் பெரிய போட்டி வந்தால் அதன் மருத்துவப் பொறுப்பாளர் என்று பல சின்னக் கதவுகளைத் தட்ட வேண்டும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டி சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்தது. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இந்த மாதிரி நேரத்தில் அறிவிப்பு வந்த பிறகு அல்ல, அதற்கு ஆறேழு மாதம் முன்பே உங்கள் பெயர் யாராவது ஒரு டாக்டரின் மனதில் இருக்க வேண்டும். அது இருப்பதற்கு ஒரே வழி, கூட்டமே வராத மாவட்ட மீட்டில் காலை ஆறு மணிக்குப் போய் நிற்பது.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போக நினைத்தால் ஒரு விஷயம். பொதுத் தன்னார்வலராக யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வீரர் உடம்பில் கை வைக்க அந்த நாட்டின் பதிவோ, போட்டிக்காக மட்டும் தரும் தற்காலிக அனுமதியோ வேண்டும். பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட் என்ற பட்டமே சட்டப் பாதுகாப்பு உள்ளது. பதிவு இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே கூடாது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வருகிறது. உங்கள் வயதுக்கு அதைக் குறிவைப்பது நியாயமான கணக்கு.

சரி, கைக்கு வருமா என்ற கேள்வி. நீங்கள் நினைப்பதைவிட உங்களிடம் அதிகம் இருக்கிறது, நீங்கள் நினைக்காத ஒன்று குறைகிறது. கிளினிக்கில் ஒருவரை ஆறு வாரம் பார்ப்பீர்கள். இன்று செய்தது சரிவரவில்லை என்றால் வியாழக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். போட்டியில் ஒரு வீரரை ஒரே ஒரு முறை பார்ப்பீர்கள், அதுவும் கால் ரூமுக்கு, அதாவது களத்தில் இறங்கும் முன் வீரர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் அறைக்குப் போக இருபது நிமிடம் இருக்கும்போது. அவர் உடம்பின் சரித்திரம் உங்களுக்குத் தெரியாது. நாளை அவர் வேறு ஊரில் இருப்பார். இந்த நிலையில் திறமையைக் காட்ட வேண்டும் என்று தோன்றுவதுதான் பெரிய ஆபத்து. போட்டி நாளில், ஒரு வீரரின் உடம்பில், அவருக்குப் பழக்கமில்லாத எதையும் செய்யக்கூடாது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

400 மீட்டர் ஓடும் பெண் ஒருத்தி ஹீட்ஸுக்கு (முதல் சுற்று ஓட்டம்) முன் வந்து, தொடையின் பின்பக்கம் இறுக்கமாக இருக்கிறது அக்கா என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கை உடனே ஆழமாக அழுத்தி இளக்கப் பார்க்கும். அப்புறம் காலைத் தூக்கி நீளமாக இழுத்துப் பிடிக்கும். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் அடுத்து வரும் நிமிடங்களில் அதன் விசை கொஞ்சம் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. சாதாரண ஆளுக்கு அந்தக் "கொஞ்சம்" ஒன்றுமில்லை. நூறில் ஒரு பங்கு வினாடியில் இறுதிச் சுற்றை இழக்கிறவளுக்கு அது எல்லாமும். அதனால் முதலில் கேட்க வேண்டியது: உங்கள் பிசியோ வழக்கமாக என்ன செய்வார்? இந்த இறுக்கம் புதிதா, போன மீட்டிலும் இருந்ததா? நடந்தால் இருக்கிறதா, வேகமெடுத்தால்தான் வருகிறதா? ஒரு இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா, இல்லை பொதுவாக இழுக்கிற மாதிரியா? பழைய, பரவலான, ஓட ஓடக் குறைகிற இறுக்கம் என்றால் லேசாகத் தடவிவிட்டு, அவள் வழக்கமாகச் செய்யும் வார்ம்-அப்பை இன்னும் ஐந்து நிமிடம் நீட்டச் சொன்னால் போதும். நேற்று சட்டென்று பிடித்தது, ஒரு விரலால் காட்ட முடிகிறது, மெதுவாக மடக்கும்போதே வலிக்கிறது என்றால் அது தசைக் கிழிசலாக இருக்கலாம். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது மருத்துவரையும் கோச்சையும் ஒரே நேரத்தில் அழைத்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது.

டேப் ஒட்டுவதிலும் இதேதான். கல்லூரியில் படித்த முறை ஒன்று இருக்கும். வீரர் ஐந்து வருடமாக வேறு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பார். அவர் முறையில் ஒட்டுங்கள். சருமம் உரியாமல், ரத்த ஓட்டம் தடைபடாமல் இருந்தால் அதற்கு மேல் வாதம் வேண்டாம். ஒரு கபடி ரெய்டரின் கணுக்காலை ஐந்து நிமிடத்துக்குள் சுருக்கம் விழாமல் ஒட்ட முடிகிறதா என்பதுதான் உங்களை அடுத்த முறை கூப்பிடுவார்களா என்பதைத் தீர்மானிக்கும், உங்கள் பட்டம் அல்ல. வீட்டில் யார் காலிலாவது ஒட்டி ஒட்டிப் பழகுங்கள். வியர்வையோடு, மண்ணோடு, அவசரத்தில் இருக்கும் காலில் ஒட்டுவது வேறு, ஏசி அறையில் படுத்திருக்கும் காலில் ஒட்டுவது வேறு.

இனி, சந்தேகத்துக்கே இடமில்லாத சில விஷயங்கள். இவற்றில் மட்டும் நீங்கள் தயங்கக் கூடாது, யார் சொன்னாலும் மாறக் கூடாது. முதலாவது தலையடி. கபடியில் டிஃபெண்டர்கள் சங்கிலியாகச் சேர்ந்து பாயும்போது முட்டி வந்து நெற்றியில் மோதுவது அடிக்கடி நடக்கும். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே போதும், அவர் அன்றைக்கு ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. மயக்கம் போட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மயக்கம் வருவதில்லை. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்து அடுத்த வருடம் வெளியான, மூளை அதிர்ச்சியைச் சோதிக்கும் ஸ்காட்-6 படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. அதை முறையாகச் செய்யக் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். மைதான ஓரத்தில் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பது பரிசோதனை ஆகாது. கழுத்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் மரத்துப் போவது, தலைவலி ஏறிக்கொண்டே போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான். ஆட்டத்துக்குத் திரும்ப வருவது படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி விட்டு. இறுதியாட்டத்தில் மூன்று புள்ளி பின்தங்கி இருக்கும் அணியின் கோச்சிடம் இதைச் சொல்வது சுலபம் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் ஆட்டம் தொடங்கும் முன்பே, எல்லோரும் நிதானமாக இருக்கும்போது, "சார், தலையில் அடிபட்டால் நான் வெளியே எடுத்துவிடுவேன், அப்போது கோபப்படாதீர்கள்" என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை போட்டு வைப்பேன்.

இரண்டாவது வெயில். நம் ஊர் மீட்டில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டமோ நடைப் போட்டியோ வெயில் ஏறிய பிறகு நடந்தால், தடுமாறி வருகிறவரைச் சாதாரண மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, கூடவே பேச்சும் புத்தியும் குழம்பினால் அது வெப்பத் தாக்கு. விதி என்னவென்றால் முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஏற்றி அனுப்புவது. அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம். ஆம்புலன்ஸில் ஏசி போட்டுக்கொண்டு போனால் அந்த நேரம் வழியிலேயே போய்விடும். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயை நாலு பேர் நாலு மூலையில் தூக்கிப் பிடித்து, நடுவில் ஆளைப் படுக்க வைத்து, ஐஸ் தண்ணீர் ஊற்றி ஆட்டிக்கொண்டே இருக்கலாம். இது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் முறைப்படி சோதிக்கப்பட்ட வழி. அக்குள், காது தெர்மாமீட்டரை இந்த நேரத்தில் நம்ப முடியாது. குறைவாகக் காட்டும். மலக்குடல் தெர்மாமீட்டர்தான் சரியானது, நம் மீட்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. குழப்பம் இருக்கிறது, கடுமையாக ஓடியிருக்கிறார் என்றால் அளவுக்குக் காத்திருக்காமல் குளிர்விக்கத் தொடங்கிவிடுவது என் வழக்கம்.

மூன்றாவது கணுக்கால். சுளுக்கா, எலும்பு முறிவா என்று பார்க்கும் ஒட்டாவா விதிகள் 1992-லிருந்து இருக்கின்றன, உங்களுக்கு இண்டர்ன்ஷிப்பிலேயே தெரிந்திருக்கும். கணுக்கால் முண்டுகளின் பின் ஓரத்தில் கீழ் 6 செ.மீ., ஐந்தாம் பாத எலும்பின் அடி, படகெலும்பு, இந்த இடங்களில் எலும்பைத் தொட்டால் வலி, அல்லது நாலு அடி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. இதில் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. அடிபட்ட வேகத்தில் வீரர்கள் வலியை மறைப்பார்கள் என்பதை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள்.

இதற்கு நேர்மாறாக, நாம் அதிகம் செய்கிற வேலைகளில் பாதிக்கு ஆதாரம் மெலிந்தது. கென்சோ காஸே என்ற ஜப்பானியர் 1970-களில் உருவாக்கிய வண்ண வண்ண கினீசியோ டேப் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அது தசையைப் பலப்படுத்துகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. 2016 ரியோவில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் இருந்த வட்டத் தழும்புகளைப் பார்த்துவிட்டு கப்பிங் (தோலில் கோப்பை வைத்து உறிஞ்ச விடுவது) கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுவும் அப்படித்தான். மசாஜ் அடுத்த நாள் தசை வலியைக் கொஞ்சம் குறைக்கும், வேகத்தைக் கூட்டாது. ஐஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். ஓய்வு, ஐஸ், கட்டு, தூக்கி வை என்ற சூத்திரத்தை 1978-ல் எழுதிய டாக்டர் கேப் மிர்கினே பிற்காலத்தில், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வலிக்கு ஐஸ் நல்லது என்பதில் தகராறு இல்லை. ஐஸ் குளியல் ஒரே நாளில் ஹீட்ஸும் அரையிறுதியும் ஓட வேண்டியவருக்கு உதவலாம். பலம் ஏற்றும் பயிற்சிக் காலத்தில் தினமும் செய்தால் தசை வளர்ச்சியைக் கொஞ்சம் கெடுக்கிறது.

அப்படியானால் வீரர் கப்பிங் கேட்டால் மறுக்க வேண்டுமா? நான் மறுப்பதில்லை, ஒரு நிபந்தனையோடு: அவருக்கு அது பழக்கம், தீங்கு எதுவும் தெரியவில்லை, நேரமும் இருக்கிறது என்றால் செய்வேன். என்ன பலன் என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்வேன். ஸ்டார்ட்டிங் பிளாக்கில் உட்காரப் போகிறவரிடம் போய் ஆய்வுக் கட்டுரை பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதை ஏற்காத நல்ல பிசியோக்கள் இருக்கிறார்கள். ஆதாரமில்லாததைச் செய்வது தொழிலையே மலிவாக்குகிறது என்பார்கள். அவர்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பயிற்சி முகாமில், நேரம் நிறைய இருக்கும் இடத்தில், நானும் அவர்கள் கட்சிதான். அங்கே கப்பிங் செய்யும் நேரத்தில் நார்டிக் பயிற்சி சொல்லிக் கொடுக்கலாம். முழங்காலில் நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெதுவாக முன்னால் சாய்கிற அந்த எளிய பயிற்சி, தொடைப் பின்தசைக் காயத்தைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கிறது. அதற்குக் கருவி வேண்டாம், செலவு இல்லை, படம் எடுத்துப் போட அழகாகவும் இல்லை. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

ஆடலாமா கூடாதா என்ற முடிவு தன்னார்வலருடையது அல்ல, தலையடி மாதிரி அவசர விஷயங்களைத் தவிர. நீங்கள் பார்த்ததைச் சொல்லலாம், எவ்வளவு நிச்சயம் என்று சொல்லலாம். நீரஜ் 2022 ஜூலையில் ஓரிகனில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியபோது இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே தசை பிடித்தது. சில நாளில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி, அங்கே கொடி பிடிக்க இருந்தவர், விலகிக்கொண்டார். ஆகஸ்ட் கடைசியில் லோசானில் திரும்ப வந்து 89.08 மீட்டர் எறிந்தார், செப்டம்பரில் டைமண்ட் லீக் இறுதியையும் வென்றார். அப்படி ஒரு முடிவெடுக்க அவரைச் சுற்றிக் குழு இருந்தது, அடுத்த போட்டியும் நிச்சயமாக இருந்தது. மாநில மீட்டில் உங்கள் முன்னால் நிற்கும் பையனுக்கு இந்த ஒரு ஓட்டத்தில்தான் விளையாட்டு இடஒதுக்கீட்டு சீட்டோ ரயில்வே வேலையோ தொங்கிக்கொண்டிருக்கலாம். அவன் கணக்கு வேறு. அவனுக்கு அபாயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவன் ஆசையைக் கேவலமாகப் பார்க்காதீர்கள்.

ஊக்கமருந்து விதிகள் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் தன்னார்வலர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். சர்வதேச விதிப்படி வீரருடன் வேலை செய்யும் பிசியோவும் அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். வீரர் உடம்பில் ஒரு பொருள் இருந்தால் அது எப்படி வந்தது என்பதற்கு அவர்தான் பொறுப்பு; "பிசியோ கொடுத்தார்" என்பது அவரைக் காப்பாற்றாது, உங்களைச் சேர்த்து இழுத்துவிடும். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் புதுப்பிக்கப்படுகிறது. டிராமடால் வலி மாத்திரை 2024-லிருந்து போட்டி நேரத்தில் தடை. எந்த இடத்தில் போட்டாலும் ஸ்டீராய்டு ஊசி 2022-லிருந்து போட்டி நேரத்தில் தடை. நம் ஊருக்கு ரொம்பவும் பொருந்தும் ஒன்று குளுக்கோஸ் ஏற்றுவது. களைப்பாக இருக்கிறது என்று பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வருவது நமக்கு டீ குடிப்பது மாதிரி. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக எது ஏற்றினாலும், மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, பரிசோதனை தவிர, அது விதிமீறல். ஒரு பாட்டில் 500 மில்லி.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நடைப் போட்டி வீரர் இர்ஃபானும் மும்முறைத் தாண்டுதல் வீரர் ராகேஷ் பாபுவும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அறையில் ஊசியும் பையில் சிரிஞ்சும் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லி, ஊசியே வைத்திருக்கக் கூடாது என்ற கொள்கையை மீறியதாகத்தான் நடவடிக்கை, ஊக்கமருந்து எடுத்ததாக அல்ல. உங்கள் பையில் மாத்திரை, சிரிஞ்சு, பெயர் தெரியாத தைலம், யாரோ கொடுத்த லேகியம் எதுவும் இருக்கவே கூடாது. டேப், கத்தரி, பஞ்சு, பேண்டேஜ், கையுறை, ஐஸ் பை, நோட்டு, பேனா. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் இணையப் பாடங்கள் இலவசம். போவதற்கு முன் முடித்துச் சான்றிதழை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். எம்பிடி ஸ்போர்ட்ஸ் இருந்தால் நல்லது, மாவட்ட, மாநில மீட்டுக்கு அது கட்டாயம் என்று நான் பார்த்ததில்லை. தேசிய முகாமில் சம்பள வேலைக்குப் போகும்போதுதான் அது கதவைத் திறக்கிறது.

உங்கள் கிளினிக் அனுபவம் நேராகப் பயன்படும் ஒரு இடம் பாரா விளையாட்டு. சேலத்து மாரியப்பன் 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதிலிருந்து 2024 பாரிஸில் துளசிமதி, மனீஷா, நித்யஸ்ரீ பாட்மிண்டன் பதக்கம் வாங்கியது வரை, தமிழ்நாட்டில் இந்தப் பக்கம் வளர்ந்திருக்கும் வேகத்துக்கு ஈடாக பிசியோக்கள் வரவில்லை. வெட்டுண்ட காலின் தோல், செயற்கைக் கால் உரசும் இடம், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பதால் வரும் புண், தோள் தேய்மானம், இவையெல்லாம் நீங்கள் தினம் பார்ப்பவை. ஒன்றை மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதுகுத் தண்டு மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலைவலி, முகம் சிவப்பு, வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். உட்கார வையுங்கள், இறுக்கமான பட்டைகளைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். சிலர் இந்த ஏற்றத்தை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டு வேகம் தேடுவதுண்டு; அது தடைசெய்யப்பட்டது, மேல் அழுத்தம் 160 தொட்டால் களத்தில் விட மாட்டார்கள்.

காசு விஷயம். இரண்டு மூன்று மீட்கள் சும்மா போவது கற்றுக்கொள்வதற்கான விலை, அதில் ஏமாளித்தனம் இல்லை. ஆனால் பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, அடையாள அட்டை, வேலை நேரம், உங்களுக்கு மேலே பொறுப்பான டாக்டர் யார் என்பது, இவை எழுத்தில் வர வேண்டும். தொழில்முறைக் காப்பீடு உங்களுடையதாகவே இருக்கட்டும். பதிவுக் கட்டணமும் ஸ்பான்சரும் டிக்கெட்டும் இருக்கும் போட்டி, எல்லோருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டு பிசியோவை மட்டும் "அனுபவம் கிடைக்குமே" என்று கூப்பிட்டால், மறுத்துவிடுங்கள். எனக்கு ஒருமுறை மூன்று நாள் போட்டிக்கு ஒரு டீ-சர்ட்டும் பெயர் தப்பாக அச்சடித்த சான்றிதழும் கிடைத்தன. யார் நடத்தியது என்று எழுதப்போவதில்லை, அது ஒரு அமைப்பின் பழக்கம் மட்டும் அல்ல. ஒரே அமைப்பு மூன்றாவது முறையும் இலவசமாகக் கேட்கிறது என்றால் அவர்களுக்கு ஒரு பணியிடம் தேவைப்படுகிறது என்று பொருள். அதை மரியாதையாகச் சொல்லி ஒரு தொகையைக் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் உங்களுக்கு அடுத்து வருகிறவரும் கேட்க முடியாது.

மீட்டுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் 18 வயது நிரம்பாதவர்கள். தனியறையில், கதவைச் சாத்தி, யாரையும் பார்க்காதீர்கள். அணியிலிருந்து ஒருவர் கூட இருக்கட்டும், எங்கே தொடப்போகிறீர்கள், எதற்கு என்று முன்பே சொல்லுங்கள், தொடை இடுக்கு மாதிரி இடமென்றால் இன்னொரு முறை கேளுங்கள். சிகிச்சையின்போது ஒரு குழந்தை தனக்கு நடந்த தவறு எதையாவது சொன்னால், 2012 போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது உங்கள் கடமை. கோச்சிடம் சொல்லி முடித்துவிடும் விஷயம் அல்ல.

வீரரோடு படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடலாமா என்றும் அடைப்புக்குள் கேட்டிருந்தீர்கள். போட்டி முடியும் வரை வேண்டாம். யாருக்கு எந்த முட்டியில் டேப் என்பது எதிரணிக்குத் தகவல், தேர்வுக் குழுவுக்கும் தகவல். கபடியில் அந்த முட்டியைத்தான் அடுத்த ஆட்டத்தில் பிடிப்பார்கள். முடிந்த பிறகு அவர்களே கூப்பிட்டு எடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்ன வலிக்கு என்ன செய்தீர்கள் என்று கீழே எழுத வேண்டாம். அந்தக் குறிப்பெல்லாம் நோட்டில் தேதி, நேரம் போட்டு எழுதி, ஒரு பிரதியை வீரரிடமே கொடுத்துவிடுங்கள். ஊருக்குப் போனதும் அவருடைய பிசியோ அதைத்தான் தேடுவார்.